விவாகரத்துக்குப் பிறகு பணக் கணக்கை ஒழுங்கு செய்வது எப்படி? (வீட்டுக்கடனில் நான் மாட்டிக்கொண்ட கதையோடு)

பரஸ்பர சம்மத விவாகரத்து கிடைத்த அன்று, எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஸ்கூட்டர் வாங்கப் போனேன். தவணைக்கு விண்ணப்பம் போட்ட பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க பேர்ல ஒரு ஹவுசிங் லோன் ஓடுது. ரெண்டு மாசம் டியூ கட்டலையே" என்றான். அந்த வீடு தீர்ப்புப்படி என் முன்னாள் கணவருடையது, கட்ட வேண்டியவரும் அவர்தான். ஆனால் கட்டாத கெட்ட பெயர் என் தலையில்.

அதற்குப் பிறகு அலைந்து கற்றுக்கொண்டதை, எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். நெட்பேங்கிங் திறப்பது மாதிரியான விஷயங்கள் உங்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

1. தீர்ப்பின் சான்றிட்ட நகல்

ஒன்று போதாது. நான் இரண்டு வாங்கினேன், ஐந்து வாங்கியிருக்க வேண்டும். வங்கி, பாஸ்போர்ட், காப்பீடு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். சில இடங்களில் ஜெராக்ஸை ஏற்க மாட்டார்கள். கூடவே ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். எங்கே போனோம், யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். செலவுக்கணக்கு ஆப்கள் மூன்றைப் போட்டுப் பார்த்து மூன்றையும் அழித்துவிட்டேன். அலுவலகத்தில் "அப்படி யார் சொன்னது?" என்று கேட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டலாம். ஆப்பில் அது நடக்காது.

2. கூட்டுக் கணக்கு

பெரும்பாலான கூட்டுக் கணக்குகளில் 'இருவரில் ஒருவர்' எடுக்கலாம் என்று இருக்கும். அதாவது யார் வேண்டுமானாலும் துடைத்து எடுக்கலாம், ஆனால் ஒரு பெயரை நீக்க இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். முதலில் அவருக்குக் கணக்கே இல்லாத வேறு ஒரு வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் கணக்கு தொடங்குங்கள். சம்பளம், காப்பீட்டுப் பிரீமியம், எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் பணம்) எல்லாவற்றையும் அங்கே மாற்றிய பிறகு பழையதை மூடுங்கள். உங்கள் கிரெடிட் கார்டில் அவருக்குக் கூடுதல் கார்டு கொடுத்திருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அவர் தேய்த்தாலும் பில் உங்களுக்குத்தான்.

3. வீட்டுக்கடன்

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எங்கள் உடன்படிக்கையில் "வீடு கணவருக்கு, தவணையும் அவரே கட்டுவார்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வங்கியில் போய்த் தீர்ப்பைக் காட்டினேன். அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்குள்ளதும்மா. லோன் அக்ரிமென்ட் எங்களோட போட்டது." அவர் சொன்னது சரிதான். இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டவர், வங்கி எழுத்தில் விடுவிக்கும் வரை முழுக் கடனுக்கும் பொறுப்பு.

விடுபட மூன்று வழி உண்டு. அவருடைய வருமானம் மட்டுமே போதும் என்று வங்கி ஒப்புக்கொண்டு உங்கள் பெயரை நீக்கலாம். அவர் கடனை வேறு வங்கிக்குத் தன் ஒற்றைப் பெயரில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் நடக்காவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டும்.

நல்ல வேளையாக, வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அப்போது பதிவாகவில்லை. "கடனிலிருந்து என் பெயரை எடுத்த கடிதம் வரட்டும், மறுநாளே சார்பதிவாளர் அலுவலகம் வருகிறேன்" என்றேன். இரண்டே மாதத்தில் அவர் கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொண்டார். முதலிலேயே பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் வீடும் போயிருக்கும், கடன் மட்டும் என்னோடு இருந்திருக்கும்.

வழக்கு இன்னும் முடியாதவர்கள் வக்கீலிடம் சொல்லி உடன்படிக்கையில் ஒரு வரி சேருங்கள்: இத்தனை நாளுக்குள் கடனிலிருந்து பெயர் நீக்கிய வங்கிக் கடிதம் தர வேண்டும், விடுதலைப் பத்திரம் அதற்குப் பிறகுதான்.

கடனிலிருந்து பெயர் நீங்கி ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை (உங்கள் கடன் வரலாறு) எடுத்துப் பாருங்கள். இந்த வரலாற்றைத் தொகுக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காசு கேட்கும் ஆப்கள் எதற்கு? பழைய கடன் 'முடிந்தது' என்று காட்டாவிட்டால் அங்கேயே புகார் போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் தாமதம் உண்மையாகவே நடந்திருந்தால் அந்தத் தடம் அழியாது. அறிக்கையில் 36 மாதம் தெரியும்.

4. நாமினி

சலிப்பான வேலை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வங்கி, பிஎஃப், எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். விவாகரத்து ஆனதால் பழைய பெயர் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள். பிஎஃப் தளத்தில் முதலில் உங்கள் புகைப்படத்தை ஏற்றுங்கள். அது இல்லாமல் இ-நாமினேஷன் நகராது. எனக்கு அதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மகளை நாமினியாகப் போட்டு, அவள் மைனர் என்பதால் காப்பாளராக என் அம்மாவின் பெயரைக் கொடுத்தேன்.

5. மருத்துவக் காப்பீடு

அவருடைய அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தால், தீர்ப்பு வரும் முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருந்த காலம் வீணாகாது. நான் கேட்கவில்லை, அதனால் புதிதாகத் தொடங்கினேன். ஒரு சின்ன ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

6. வரி

ஜீவனாம்சம் மொத்தமாக வந்தால் பொதுவாக வரி இல்லை. மாதாமாதம் வந்தால் அது உங்கள் வருமானம், ரிட்டர்னில் காட்ட வேண்டும். மைனர் குழந்தை பெயரில் போட்ட வைப்புநிதி வட்டி, பெற்றோர் பிரிந்த பிறகு, குழந்தையைப் பராமரிப்பவர் வருமானத்தோடு சேரும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தோழி எழுதினார்: "அக்கா, என் சிம்மே அவர் பெயரில்தான் இருந்தது. ஒரு நாள் அதை நிறுத்திவிட்டார். ஓடிபி எதுவும் வரவில்லை." எனக்கு இது தோன்றவே இல்லை. என் சிம் கல்யாணத்துக்கு முன்பே அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆகவே வரிசையைத் திருத்துகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஆதாரைக் காட்டி ஒரு புது சிம் வாங்குங்கள். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து அந்த எண்ணை இணையுங்கள். பிறகு வங்கிக் கிளை, மின்னஞ்சலின் மீட்பு எண், பிஎஃப். ஆதாரைத் தாண்டிக்கொண்டு பிஎஃப்புக்குப் போகாதீர்கள். இ-நாமினேஷன் கையொப்பத்துக்கான ஓடிபி ஆதாரில் உள்ள எண்ணுக்குத்தான் வரும். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.