இருபடிச் சார்பில் எண்ணைப் பிரதியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இருபடிச் சார்பு படிப்பவர்களின் நோட்டைத் திருத்தும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வர்க்கப்படுத்தச் சொன்னால் இரண்டால் பெருக்குவது, கூட்டலில் கைதவறுவது எல்லாம் பழகப் பழகப் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன். மாறியை 'ம' என்று குறிக்கிறேன்.

மைனஸ் எண்ணுக்கு அடைப்புக்குறி போடாமல் விடுவது

2ம² − 5ம + 3 என்ற சார்புக்கு ம = −3 எனில் மதிப்பு என்ன? ஒரு மாணவர் இப்படி எழுதினார்:

2 × −3² − 5 × −3 + 3 = −18 + 15 + 3 = 0

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மதிப்பு பூச்சியம் வந்துவிட்டது, அப்படியானால் −3 ஒரு மூலம், (ம + 3) ஒரு காரணி என்று முடிவுகட்டி, மீதிக் காரணியைத் தேடி ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளிவிட்டார். கேட்டால், "சரிபார்த்துட்டேன் சார், பூச்சியம்தான் வருது" என்கிறார். வரத்தான் செய்யும். −3² என்று எழுதினால் அடுக்குக்குத்தான் முதல் உரிமை. 3-ஐ வர்க்கப்படுத்திய பிறகே மைனஸ் சேரும். ஆக, அவர் எழுதிய வரிக்கு 0 சரியான விடைதான். பிழை கணக்குப் போட்டதில் இல்லை, எண்ணை எடுத்து எழுதிய இடத்தில் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கண்ணில் படுவதில்லை.

சரியான வரி இது: 2(−3)² − 5(−3) + 3 = 18 + 15 + 3 = 36.

கணக்குப் போடும் முன்பே ஒரு பார்வை பார்த்திருந்தாலும் போதும். ம மைனஸ் எண்ணாக இருந்தால் 2ம² பிளஸ், −5ம பிளஸ், 3-உம் பிளஸ். மூன்று பிளஸ் எண்களைக் கூட்டிப் பூச்சியம் எப்படி வரும்?

முதலில் 2( )² − 5( ) + 3 என்று காலி அடைப்புக்குறிகளோடு எழுதிவிட்டு, அப்புறம் எண்ணை உள்ளே போடுங்கள். பிளஸ் எண்ணாக இருந்தாலும் இப்படியே செய்யுங்கள். "தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிறேன்" என்று அடைப்புக்குறியை ஓர் அலங்காரம் போல நினைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வெளியே நிற்கும் மைனஸைச் சேர்த்து விழுங்குவது

−ம² + 4-இல் ம = −3 என்றால் −(−3)² + 4 = −9 + 4 = −5. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று 13 எழுதுகிறார்கள். வர்க்கம் உள்ளே இருக்கும் மைனஸை மட்டுமே நீக்கும்.

கெழுவையும் வர்க்கப்படுத்துவது

2(3)² என்பது 18. 36 அல்ல. வர்க்கம் 3-க்கு மட்டும்தான், முன்னால் பெருக்கி நிற்கும் கெழுவான 2-க்கு இல்லை.

எண்ணுக்குப் பதில் கோவை வரும்போது

ம-வின் இடத்தில் அ + 1 வந்தால் (அ + 1)² = அ² + 2அ + 1. நடு உறுப்பை விட்டுவிடாதீர்கள்.

கருவியை அப்படியே நம்புவது

-3^2 என்பதற்கு எக்செல் 9 என்கிறது. அதையே -3**2 என்று பைதான் நிரல்மொழியில் கொடுத்தால் −9. −ம² + 4-க்கு எக்செலில் அடைப்புக்குறி இல்லாமல் சூத்திரம் எழுதி வரைபடம் போட்டால், கீழ்நோக்கித் திறக்க வேண்டிய பரவளையம் மேல்நோக்கித் திறக்கும்.

வந்த வழியிலேயே சரிபார்ப்பது

வேறு வழியில் போங்கள். 2ம² − 5ம + 3-ஐ (2ம − 5)ம + 3 என்று மாற்றி எழுதலாம். ம = −3 எனில் −6 − 5 = −11; அதை −3-ஆல் பெருக்கினால் 33; 3-ஐக் கூட்டினால் 36. இதில் வர்க்கமே இல்லை என்பதால் முதலில் சொன்ன தவறு நுழைய இடமே கிடையாது.