நெல்லுக்கு ஆதார விலை குறையாமல் கைக்கு வர

நெல்லுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலைக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்கள் அதை உறுதி செய்யவில்லை. 2021-ல் அவை ரத்தானபோதும் நிலைமை மாறவில்லை. கரும்புக்கு 1966-ம் வருடத்துக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, அரசு வைத்த விலையைச் சர்க்கரை ஆலை குறைக்க முடியாது. நெல்லை வியாபாரி குறைத்துக் கேட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆகவே தமிழ்நாட்டில் அந்த விலை நிஜமாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் தராசில்தான்.

2025–26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாகப் பிடிப்பார்கள். சிப்பத்துக்கு 1,000 அல்லது 1,018 ரூபாய். கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5-க்குக் குறையாமல் வந்தால் சன்னம்.

அறுப்புக்கு முன்பே சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு இணையத்தில் பதிந்துவிடுங்கள். விஏஓ சரிபார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரில் சாகுபடி அடங்கல் வாங்குவதை நெல் களத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பணம் தாமதமாவது பெரும்பாலும் சின்ன விஷயத்தால்: ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு, வங்கி இணைந்தபின் மாறிய ஐஎப்எஸ்சி எண்.

நெல் திரும்பி வருவது ஈரப்பதத்தால்தான். வரம்பு 17 சதவீதம்; மழைக் காலத்தில் மத்திய அரசு தளர்த்தினால் மட்டும் கூடுதலாக ஏற்பார்கள். இயந்திர அறுப்பு நெல்லைத் தார்ப்பாயில் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் விரித்து, அடிக்கடி காலால் சால் ஓட்டிக் கிளறுங்கள். பனி இறங்குமுன் குவித்து மூடுங்கள். மேலே கை வைத்தால் சலசலவென்று இருக்கும். அம்பாரத்தின் நடுவில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பு தட்டும். ஈரப்பத மீட்டரில் வைக்கும் மாதிரி அந்த நடுவிலிருந்தும் போகும், வெயில் பட்ட மேல்நெல்லை நம்பாதீர்கள். 20 சதவீதத்தில் இருக்கும் 1,000 கிலோ, 17-க்குக் காய்ந்தால் ஏறக்குறைய 964 கிலோ. எடை குறைந்ததே என்று பதற வேண்டாம், போனது தண்ணீர்.

கல், மண் ஒரு சதவீதம் வரை இருக்கலாம். வைக்கோல், பதர் போன்றவையும் ஒரு சதவீதம் வரை. தார்ச்சாலையில் காயவைத்தால் முதலாவது எளிதாகத் தாண்டிவிடும். சுருங்கிய கருக்காய்க்கும் முதிராத மணிக்கும் சேர்த்து வரம்பு 3 சதவீதம் என்பதால் காற்று பார்த்து ஒருமுறை தூற்றிவிடுவது லாபம்.

எடை போடும்போது தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள், சாக்கு எடை தனியாகக் கழிகிறதா கேளுங்கள். சிப்ப எண்ணிக்கையை நீங்களும் குறித்துக்கொண்டு, ரசீதோடு ஒப்பிட்ட பிறகே களத்தை விட்டு நகருங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கை நீட்டினால், விவசாயி கொடுக்க வேண்டியது எதுவுமில்லை.