வாலில் உட்காரும் விமானங்கள்: மாதிரிப் போர் விமானம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில், இந்தக் கைவேலைக்குப் புதியவரான நண்பர் ஒருவர், மூன்று மாதம் உழைத்து முடித்த 1/48 அளவு பி-38 லைட்னிங் விமானத்தை என் மேசைமீது வைத்தார். கையை எடுத்ததும் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, முன்சக்கரக் குழிக்குள் ஒரு துளை போட்டு, ஈயக் குண்டுகளைக் கொட்டி, வெள்ளைப் பசையை ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே விமானத்தில், இதே இடத்தில், இதே துளையைத்தான் போட்டேன். அவரைத் தடுத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

காயாத வண்ணத்தைத் தொட்டுப் பார்ப்பது, பசை வழிந்த விரலால் இறக்கையைப் பிடிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருமுறை செய்தவர் எவரும் சொல்லாமலேயே திருந்திவிடுவார். செய்தபோது தவறென்றே தெரியாமல், பின்னால் வந்து கழுத்தைப் பிடிப்பவைதான் இங்கே பேச வேண்டியவை.

எடையை மறப்பதும், எடையைத் தவறாக ஒட்டுவதும்

மூக்கின் கீழ் ஒரு சக்கரமும், இறக்கையின் கீழ் இரு சக்கரங்களுமாக நிற்கும் விமானங்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. லைட்னிங், பி-39 ஐராகோப்ரா, பி-25 மிட்செல், மெஸ்ஸர்ஷ்மிட் 262, மிக்-15 ஆகியவை இதில் பெயர்பெற்றவை. காரணம் எளியது. உண்மையான லைட்னிங்கின் மூக்கில் ஒரு 20 மில்லிமீட்டர் பீரங்கியும், நான்கு 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகளும், அவற்றுக்குரிய தோட்டாக்களும் இருந்தன; இரண்டு பெரிய எஞ்சின்களும் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் தொங்கின. கிட்டிலோ, அதாவது நாம் வாங்கி ஒட்டும் துண்டுகளின் பெட்டியிலோ, எல்லாப் பகுதிகளும் ஏறத்தாழ ஒரே தடிமனுள்ள வெற்றுப் பிளாஸ்டிக் ஓடுகள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருக்கிறது; ஆனால் வால்பகுதியின் நீளத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆகவே உண்மை விமானத்தின் எடைமையம் எங்கே இருந்தாலும், மாதிரியின் எடைமையம் சக்கரத்துக்குப் பின்னால் சரிந்துவிடுகிறது.

என் லைட்னிங்கில் நான் எடையை முற்றிலும் மறக்கவில்லை. வழிகாட்டித் தாளில் சொல்லியிருந்த அளவை வைத்துவிட்டுத்தான் உடலை மூடினேன். தவறு அதற்குப் பின் நடந்தது. கிட்டிலிருந்த குளிர்விப்பான்கள் எனக்குப் பிடிக்காமல், தனியே வாங்கிய ரெசின் (அச்சில் வார்த்து இறுகவைத்த பிசின்) குளிர்விப்பான்களை வால்தண்டுகளின் பக்கங்களில் ஒட்டினேன். ரெசினும் பிளாஸ்டிக்கும் அடர்த்தியில் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆனால் கிட்டின் துண்டு உள்ளீடற்றது, ரெசின் துண்டு கெட்டியாக வார்க்கப்பட்டது. சக்கரத்துக்குப் பின்னால் ஏறிய அந்தச் சில கிராம்களும், வாலில் சேர்ந்த பட்டியும் வண்ணமும் போதுமானவையாக இருந்தன. வழிகாட்டித் தாள் எழுதியவருக்கு நான் எதையெல்லாம் கூடுதலாக வாங்கி ஒட்டப் போகிறேன் என்று எப்படித் தெரியும்? ஜெட் விமானங்களில் இது இன்னும் மோசம். எல்லோரும் முதலில் மாற்ற விரும்புவது புகைவாயைத்தான்; அது வாலின் கடைசி நுனியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, முன்னால் வைக்கும் ரெசின் விமானி அறை, எடை வைக்க வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்கிறது.

விமானம் வாலில் உட்கார்ந்ததும், அனுபவசாலி ஒருவர் சொன்ன யோசனையின்படி ஈயக் குண்டுகளையும் வெள்ளைப் பசையையும் துளை வழியாக ஊற்றினேன். விமானம் அழகாக நின்றது. நான்கு ஆண்டுகள் அலமாரியிலும் நின்றது. அதன்பின் மூக்கின் அடியில், இரு பாதிகளும் சேரும் கோட்டில், மயிரிழை அளவில் ஒரு விரிசல் தெரிந்தது. இணைப்புப் பசை விட்டுவிட்டது என்று எண்ணி, அதைப் பட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தைத் தொட்டுச் சரிசெய்தேன். சில மாதங்களில் விரிசல் மீண்டும் திறந்தது. இந்த முறை நகம் நுழையும் அகலம். உள்ளே எட்டிப் பார்த்தபோது, குண்டுகள் இருந்த இடத்தில் மாவுபோன்ற வெண்பொடி உப்பி நின்றது.

நடந்தது வேதியியல். வெள்ளைப் பசை என்று நாம் சொல்லும் பாலிவினைல் அசிட்டேட், காலப்போக்கில் அசிட்டிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. மூடிய மூக்குக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. அது ஈயத்தை அரித்து ஈய அசிட்டேட்டாக்குகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து ஈயக் கார்பனேட்டாகிறது. அப்போது விடுபடும் அமிலம் மறுபடியும் புது ஈயத்தைத் தின்னத் தொடங்குகிறது. உருவாகும் பொடி, மூல உலோகத்தைவிட அதிக இடம் கேட்கிறது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அந்த இடம் கிடையாது, அதனால் ஓடு பிளக்கிறது. ஓக் மரப் பெட்டிகளில் வைக்கப்பட்ட பழைய மாதிரிக் கப்பல்களின் ஈயத் துணைப்பொருள்கள் பொடியாகிப்போவதற்கும் மரத்திலிருந்து கசியும் இதே அமிலம்தான் காரணம். அருங்காட்சியகத்தினருக்கு இது நன்கு தெரிந்த நோய். ஆனாலும் ஈயத்தை வெள்ளைப் பசையில் பதிக்கும் அறிவுரை இன்றும் வாய்வழியே பரவிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அதை மறுபடி கட்டலாமென்றால், அந்த ரெசின் துண்டுகளையும், அந்த டீக்கல் தாளையும் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களின் தாள்) நான் எங்கும் காணவில்லை.

இப்போது நான் செய்வது இது. உடலை மூடுவதற்கு முன், எல்லாப் பெரிய துண்டுகளையும், வாங்கி வைத்திருக்கும் ரெசின் பகுதிகள் உட்பட, ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பிணைக்கிறேன். முதன்மைச் சக்கரங்களின் அச்சு வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, விமானத்தை அதன்மேல் நிறுத்துகிறேன். மூக்கின்மீது சிறு பொட்டலம் ஒன்றை வைத்து, விமானம் முன்னால் சாயும் வரை அதில் எடை சேர்க்கிறேன். வரும் எடையோடு கால் பங்கு கூட்டிக்கொள்கிறேன். வண்ணமும் வார்னிஷும் பின்னால் வரவிருக்கின்றன அல்லவா. எடையை எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது: அச்சுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் 20 கிராம் செய்யும் வேலையை, 10 சென்டிமீட்டர் முன்னால் 10 கிராமே செய்துவிடும். லைட்னிங்கிலும் மிட்செல்லிலும் எஞ்சின் உறைகளின் முன்பகுதியும் பயன்படும். மிட்செல்லின் மூக்கு கண்ணாடியாக இருந்தால் வேறு வழியும் இல்லை. மிக்-15 விமானத்தின் மூக்கைக் காற்றுக்குழாய் நிறைத்துவிடுவதால், அதைச் சுற்றியுள்ள இடுக்குகளில்தான் எடையைத் திணிக்க வேண்டும். இடம் மிகக் குறைவாக இருந்தால் டங்ஸ்டன் வாங்குவது தகும்: ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3 கிராம்.

ஒட்டுவதற்கு எப்பாக்ஸி அல்லது சூப்பர் குளூ. எப்பாக்ஸியை ஒரே தடவையில் நிறைய ஊற்றினால், அது இறுகும்போது எழும் வெப்பம் மெல்லிய பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். ஆகவே சிறிது சிறிதாக, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். எடை மிகுந்த விமானங்களின் மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் ஓரிரு ஆண்டுகளில் அகன்று வளைவதும் உண்டு. அதற்காக விற்கும் வெள்ளை உலோகக் கால்களும் மென்மையானவைதாம். பித்தளையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நண்பரின் லைட்னிங்கைக் கீழ்க்கோட்டில் கத்தியால் பிரித்தோம். வண்ணம் கெட்டது. அவருக்கு வருத்தம்தான், இருந்தாலும் இரண்டு வார வேலையோடு போயிற்று.

ரெசின் தூசி

உலர்வாகத் தேய்க்காதீர்கள், நீரில் நனைத்து, முகமூடி அணிந்து தேயுங்கள்.

மேட் வண்ணத்தின்மேல் டீக்கல்

போர் விமானங்கள் பெரும்பாலும் பளபளப்பற்றவை என்பதால், புதியவர்கள் மேட் வண்ணத்தை அடித்துவிட்டு நேராக அதன்மேலேயே டீக்கல்களை ஒட்டுகிறார்கள். மேட் பரப்பு என்பது நுண்ணோக்கியில் பார்த்தால் மேடுபள்ளம். டீக்கலின் தெளிந்த படலம் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அந்தக் காற்றே பிறகு வெள்ளிபோல மின்னி, எழுத்தைச் சுற்றி ஒரு செவ்வகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீக்கல், படலத்தை இளக்கும் திரவம், காய்ந்தபின் இன்னொரு பூச்சு, கடைசியில் மேட் வார்னிஷ் என்பதே வரிசை. ஏற்கெனவே மின்னிவிட்டால், ஊசியால் பல இடங்களில் குத்தி, இளக்கும் திரவத்தை மீண்டும் மீண்டும் தடவினால் பாதியளவு மறையும். கோடுகளை எடுத்துக்காட்டப் பூசும் வாஷையும் மேட் பரப்பில் பூசாதீர்கள். அது பரப்பிலேயே ஊறி அழுக்காக நின்றுவிடும்.

கண்ணாடியருகே சூப்பர் குளூ

அதன் ஆவி படிந்து விமானி அறைக் கண்ணாடி பனிமூட்டம்போல வெளுத்துவிடும். இங்கே, நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே வெள்ளைப் பசைதான் சரியான பசை.

மரத்திலும் துணியிலும் வெள்ளிக் கீறல்

வண்ணம் பெயர்ந்து உள்ளிருக்கும் அலுமினியம் தெரிவதுபோல வெள்ளி நிறத்தில் கீறல் போடுவது, கற்றுக்கொண்ட உடனே எல்லோருக்கும் பிடித்துப்போகும் உத்தி. அதைக் கற்ற மாதத்தில் நான் ஒரு மொஸ்கிட்டோ விமானத்தின் இறக்கை முழுவதும் அள்ளித் தெளித்தேன். மொஸ்கிட்டோவின் உடல் ஒட்டுப்பலகையாலும் பால்சா மரத்தாலும் ஆனது; இறக்கையும் மரம்தான். எஞ்சின் உறையில் உலோகம் தெரியலாம். இறக்கையில் தெரிய அங்கே உலோகத் தோல் எது? ஹரிகேனின் பின்னுடல் துணியால் மூடப்பட்டது. அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றின் வால்துடுப்பும் அப்படியே. தூரிகையை எடுப்பதற்கு முன், அந்த இடம் எதனால் ஆனது என்று ஒரு படத்தையாவது பாருங்கள்.

ஒரே விமானத்தில் இரண்டு காலங்கள்

மீந்துபோன டீக்கல்களைக் கலந்து விருப்பம்போல் அலங்கரிப்பவர்கள் இதில் விழுகிறார்கள். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டம் 1942 மே மாதத்தில் நீக்கப்பட்டது; இரு பக்கப் பட்டைகள் 1943 ஜூனில் சேர்ந்தன. நார்மண்டிப் படையெடுப்புக்கான கறுப்பு வெள்ளைப் பட்டைகள் 1944 ஜூன் மாதத்துக்கு உரியவை. ஆகவே சிவப்பு வட்டமும் இந்தப் படையெடுப்புப் பட்டைகளும் ஒரே விமானத்தில் சேர வாய்ப்பில்லை. படையெடுப்புப் பட்டைகள் மொத்தம் ஐந்து, மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். அது 1/48 அளவில் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், 1/72 அளவில் 6.4 மில்லிமீட்டர். பெரும்பாலும் அவசர அவசரமாகக் கையால் அடிக்கப்பட்டவை என்பதால், ஓரம் சற்றுக் கோணினாலும் கவலையில்லை.

ஸ்பிட்ஃபயரின் மடிப்புகள்

மடிப்பு (ஃபிளாப்) என்பது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை. தனியே கிடைக்கும் உலோகத் தகட்டு மடிப்புகளை வாங்கியவர்கள் அவற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்று, நிற்கும் ஸ்பிட்ஃபயரின் இறக்கை மடிப்புகளை இறக்கி வைக்கிறார்கள். தரையிறங்கியதும் விமானி அவற்றை மேலேற்றிவிடுவதே வழக்கம். நிறுத்திய பி-51 மஸ்டாங்கில் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம் குறையக் குறைய மடிப்புகளும் சக்கரக் கதவுகளும் தாமாகவே தொங்கிவிடும். மடிப்புகளைத் தொங்கவிட ஆசையாக இருந்தால் மஸ்டாங்கைக் கட்டுங்கள்.