‘லைஹெ’ முதலில் பிணமன்று: ஒரு ஜெர்மானியச் சொல்லைப் படிப்பதில் நேரும் பிழைகள்

ஜெர்மன் கற்பவர்கள் ‘லைஹெ’ என்ற சொல்லுக்குப் பிணம் என்று பொருள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இன்றைய மொழிக்கு அது சரியே. அந்தப் பொருளோடு பழைய நூல்களுக்குள் நுழையும்போதுதான் பிழை தொடங்குகிறது. ஜெர்மன், டச்சு, ஆங்கிலம் ஆகியவை அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தின் பழைய மொழி கோதிக். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த அம்மொழியில், ‘லைஹெ’யின் இனச்சொல்லான ‘லீக்’ உயிருள்ள உடலையும் ஊனையும் குறித்தது. ‘ஆற்றில் உடல் மீட்பு’ என்று செய்தித்தாளில் படித்தால் நாமும் உயிருள்ளவரை நினைப்பதில்லை. அப்படிப்பட்ட வழக்கு ஜெர்மனில் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

டச்சு மொழியில் கால் ஆணிக்கு ‘லிக்டோர்ன்’ என்று பெயர். இதைப் ‘பிணமுள்’ என்று பிரித்தால் அபத்தம்; உடலில் முளைத்த முள் என்பதே பொருள். உடலோடு போர்வையைக் குறிக்கும் சொல் சேர்ந்து உருவான பழைய கூட்டுச்சொல்லொன்று, டச்சில் ‘லிஹாம்’ என்று உயிருள்ள உடலாகவும், ஜெர்மனில் ‘லைஹ்னாம்’ என்று சடலமாகவும் நிற்கிறது. ஆகவே ஒரு மொழியின் பொருளை மற்றொன்றில் அப்படியே ஏற்றக் கூடாது.

ஒலி ஒப்புமையை நம்புவதும் ஆபத்து. ஜெர்மனில் உடலைக் குறிக்கும் ‘லைப்’ இதன் உறவன்று. அது உயிர், வாழ்வு என்பவற்றின் கிளை. இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகரை மறைசாட்சிகளின் சடலங்கள் கிடந்த வயலென்று சொல்லும் கதை சுவையானதுதான், ஆனால் அப்பெயரின் முற்பகுதி அருகிலிருந்த ரோமானியக் குடியிருப்பான லெட்டோசெட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. அதற்குச் சாம்பல் நிறக் காடு என்று பொருள். மாறாக, இங்கிலாந்துத் தேவாலய வளாகங்களில் சவப்பெட்டியை இறக்கிவைத்துக் குருவுக்காகக் காத்திருக்கும் கூரையிட்ட வாயிலுக்கு ‘லிச்கேட்’ என்று பெயர். அங்கே பிணம் என்ற பொருள் பொருந்துகிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது, உருவம் என்ற பொருளில் இச்சொல் ஒட்டாக மாறியதை. ஆங்கிலத்தின் ‘ஃபிரெண்ட்லி’யில் உள்ள ‘லி’யும் ஜெர்மனின் ‘லிஹ்’ ஈறும் இதுவே: நண்பனின் உருவுடையது. ‘சச்’, ‘விச்’ ஆகியவற்றின் ஈற்றிலும் அது தேய்ந்து கிடக்கிறது. ‘லைக்’ என்ற வினையும் இக்குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் விரும்பப்படும் பொருளே எழுவாயாக நிற்கும், விரும்புபவர் நான்காம் வேற்றுமை ஏற்பார். ‘அது எனக்குப் பிடிக்கும்’ என்று பேசும் நமக்கு அந்த அமைப்பு புதிதன்று.