கேம் சர்வருக்கு டொமைன் இணைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவு விட்டால் போதும், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துப் பையன்கள் மைன்கிராஃப்ட் சர்வர் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். சர்வர் ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை டொமைன். இணையத்தில் சர்வரின் முகவரியான ஐபி எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அழகாக ஒரு பெயர் இருந்தால் நண்பர்களுக்குச் சொல்ல வசதி. ஆசையில் தப்பில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்பதால் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, டொமைன் வாங்கிட்டேன், கனெக்ட் ஆக மாட்டேங்குது." நாங்கள் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

சர்வரையே ஆன் செய்யாதது, பெயரில் எழுத்துப்பிழை, கேம் வெர்ஷன் பொருந்தாதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தானாகவே தெரிந்துவிடும்.

## இணைய லைனைப் பார்க்காமல் டொமைன் வாங்குவது

கைக்காசு கரைவது இந்த ஒன்றில்தான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்து வருகிறவர் இதையே செய்துவிட்டு வருவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டொமைன் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. பெயரைக் கேட்டால் ஐபி எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண் வழியாக வெளியாள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வர முடியுமா என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. வர முடியாத எண்ணைக் கொடுத்தாலும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும்.

பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆசியப் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபியைக் கொடுக்கின்றன. இதற்குப் பெயர் சிஜிநாட். வீட்டிலிருந்து யூடியூப் பார்ப்பது, கேம் விளையாடுவது, எல்லாம் வழக்கம் போல நடக்கும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் உங்கள் சர்வரைத் தேடி வந்தால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்த நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும், வாய்க்கால் தண்ணீர் ஆற்றுக்கு ஏறாது. அந்த மாதிரி ஒருவழி ஏற்பாடு இது. வெளியிலிருந்து வருவதைச் சர்வர் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை உங்கள் ரவுட்டரில் எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை, ஏனென்றால் அடைப்பு உங்கள் ரவுட்டரில் இல்லை.

சோதிப்பது சுலபம். ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, ஸ்டேட்டஸ் பகுதியில் வான் ஐபி (WAN IP) என்று இருக்கும், லைன் கொடுத்தவர் ரவுட்டருக்குத் தந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடி, வருகிற ஐபிவி4 எண்ணை அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே படிக்கலாம். வேறுவேறாக இருந்தால் டொமைன் வாங்காதீர்கள். வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அது சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கிய எண். சில லைன்களில் 10 என்று தொடங்கும். அதுவும் அதே கதைதான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். நண்பர்களிடம் ஜிபேயில் காசு சேர்த்து மூன்று வருஷத்துக்கு டொமைன் எடுத்திருந்தான். இணைப்பு கிடைக்கவில்லை. யாரோ ரவுட்டர் சரியில்லை என்று சொல்ல, புது ரவுட்டர் வாங்கினான். அதிலும் வரவில்லை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள் சார் என்று பதில். பார்த்த வீடியோக்களிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். பாவம், ரவுட்டர் காட்டிய 100.72 என்று தொடங்கும் எண்ணை டொமைனின் ஏ ரெக்கார்டில் (பெயருக்கு எந்த ஐபி எண் என்று சொல்லும் பதிவு) போட்டு வைத்திருந்தான். பெயருக்கு எந்த எண் என்று கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைக் கொடுத்தால் பெயர் சரியாக அந்த எண்ணைக் காட்டுகிறது! பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். கூகுள் காட்டும் பொது ஐபியைப் போட்டாலும் நிலைமை மாறாது. சில சமயம் அந்த எண்ணுக்கு பிங் கொடுத்தால், அதாவது ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால், பதில்கூட வரும். பதில் சொல்வது உங்கள் கம்ப்யூட்டர் இல்லை, நிறுவனத்தின் கருவி.

எனக்கு எரிச்சல் அந்தப் பையன் மேல் இல்லை. லைன் போட வரும்போது எத்தனை எம்பிபிஎஸ், எந்த ஓடிடி இலவசம் என்று அத்தனையும் சொல்கிறவர்கள், "வெளியிலிருந்து உள்ளே வர முடியாது தம்பி" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்வதில்லை. ரவுட்டர் விற்றவரும் கேட்கவில்லை.

சரி, சிஜிநாட் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்? மாறாத சொந்த எண்ணான ஸ்டாட்டிக் ஐபி கிடைக்குமா என்று லைன் கொடுத்தவரிடம் கேளுங்கள். பல இடங்களில் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதற்கான க்வாட் ஏ (AAAA) ரெக்கார்ட் போட்டு, ரவுட்டர் ஃபயர்வாலில் உள்வரும் வழியைத் திறந்து பார்க்கலாம். ஆனால் விளையாட வருகிறவர் லைனிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். வெளியே இருக்கும் ஒரு சர்வர் வழியாக இணைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் டனல் சேவைகள் உண்டு, கொஞ்சம் தாமதம் கூடும். இல்லையென்றால் மும்பையில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பத்துப் பேருக்கு மேல் விளையாடுகிற சர்வருக்கு வாடகைதான் நல்லது. வீட்டு ஐபி ஊருக்கெல்லாம் தெரிவதும் அதோடு தவிர்ந்துவிடும்.

எந்த வழியானாலும் வரிசை இதுதான்: முதலில் சர்வர் ஓடுகிற அதே கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டு உள்ளே போங்கள். அப்புறம் வீட்டில் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து 192.168 என்று தொடங்கும் எண்ணில். அப்புறம் வெளியூர் நண்பர் வெறும் பொது ஐபியில் உள்ளே வரட்டும். அவர் வந்த பிறகு டொமைனுக்குப் பணம் கட்டுங்கள்.

## ஏ ரெக்கார்டில் போர்ட் எண்ணை எழுதுவது

ஏ ரெக்கார்டுக்கு ஐபி மட்டும்தான் தெரியும். அதன் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 25571 என்று போர்ட்டை (கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமுக்கு என்று சொல்லும் கதவு எண்) எழுதினால், ரெக்கார்டுகளைப் போடும் டொமைன் பேனல் ஏற்காது.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் வழக்கமான போர்ட் 25565. சர்வர் அதில் ஓடினால் ஏ ரெக்கார்ட் ஒன்றே போதும். வாடகை சர்வர்களில் ஒரே ஐபியில் பலருடைய சர்வர்கள் ஓடும் என்பதால் வேறு போர்ட் தருவார்கள். அப்போதுதான் போர்ட்டையும் சேர்த்துச் சொல்லும் எஸ்.ஆர்.வி. ரெக்கார்ட் தேவை. அதன் பெயர், அடிக்கோடு போட்டு மைன்கிராஃப்ட், புள்ளி, மறுபடி அடிக்கோடு போட்டு டிசிபி (_minecraft._tcp), அதன் பின்னால் உங்கள் சப்டொமைன், அதாவது டொமைனுக்கு முன்னால் சேர்க்கும் பெயர். ப்ரையாரிட்டி, வெயிட் இரண்டுக்கும் பூஜ்யம் வைத்தால் போதும். போர்ட்டுக்கு ஹோஸ்டிங் தந்த எண்.

வழுக்குகிற இடம் டார்கெட் என்ற கட்டம். அங்கே ஐபி போடக் கூடாது. ஏ ரெக்கார்ட் உள்ள ஒரு பெயரைத்தான் போட வேண்டும். இன்னொன்று, சில பேனல்கள் உங்கள் டொமைனைத் தாமாகவே கடைசியில் ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயரையும் நீங்கள் எழுதியிருந்தால் டொமைன் இரண்டு முறை வந்து நிற்கும். சேமித்த பிறகு பட்டியலில் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

செல்போனில் விளையாடுகிற பெட்ராக் பதிப்பு எஸ்.ஆர்.வி.யை மதிப்பதே இல்லை. அதன் வழக்கமான போர்ட் 19132, அதுவும் டிசிபி இல்லை, யூடிபி என்ற வேறு வகை இணைப்பு. சர்வரைச் சேர்க்கும் திரையில் போர்ட்டுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, நண்பர்களை அதில் எண்ணை அடிக்கச் சொல்லுங்கள். ரவுட்டரில் டிசிபி மட்டும் திறந்துவிட்டு, போனில் வரவில்லையே என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

## டொமைன் ஃபார்வர்டிங் போடுவது

பெயரை அடித்தால் வேறொரு வெப் முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி அது, வெப்சைட்டுக்கு. கேமுக்கு இல்லை.

## ஆரஞ்சு மேகத்தை அப்படியே விடுவது

கிளவுட்ஃபிளேர் என்ற சேவையில் டிஎன்எஸ் (பெயருக்கு எண் சொல்லும் ஏற்பாடு) வைத்திருந்தால் ரெக்கார்டுக்குப் பக்கத்தில் ஒரு மேகம் இருக்கும். ஆரஞ்சு நிறம் என்றால் ப்ராக்ஸி ஆன், அதாவது வருகிறதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் உங்களிடம் வரும். அந்த ப்ராக்ஸி வெப்சைட் போக்குவரத்தை மட்டுமே கடத்தும், கேம் இணைப்பு அங்கேயே நின்றுவிடும். மேகத்தைத் தட்டிச் சாம்பல் நிறமாக்குங்கள். ஐபி மறையுமே என்று ஆரஞ்சிலேயே விட்டால் ஐபியும் மறையும், விளையாட வருகிறவர்களும் மறைந்துவிடுவார்கள். கேமுக்கான ப்ராக்ஸி அவர்களிடமே உண்டு, ஆனால் அது கட்டணத் திட்டத்தில்.

## வீட்டு வைஃபையிலிருந்தே சோதிப்பது

வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் பொது ஐபியைத் தேடினால் சில ரவுட்டர்கள் திருப்பி விடும், சில விடாது. இதற்கு நாட் லூப்பேக் என்று பெயர். உங்களுக்கு வராது, பட்டுக்கோட்டையில் இருக்கும் நண்பருக்கு வரும். நீங்களோ நன்றாக இருக்கிற ரெக்கார்டை மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொண்டிருப்பீர்கள். போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்து, அதன் ஹாட்ஸ்பாட்டில் வேறொரு லேப்டாப்பை இணைத்துச் சோதியுங்கள்.

## ரெக்கார்ட் போடுவதற்கு முன்பே பெயரை அடித்துப் பார்ப்பது

"இப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலையும் டிஎன்எஸ் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரெக்கார்டை முதலில் போடுங்கள், பிறகு தேடுங்கள்.

## கரண்ட் போய் வந்ததை மறப்பது

ஸ்டாட்டிக் ஐபி வாங்காத வீட்டு லைனில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் ஐபி மாறலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் டெல்டாவில் கரண்ட் எத்தனை தடவை போய் வரும் என்று உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் யாரும் கேம் சர்வரைத் தேட மாட்டார்கள், அது வேறு. நான் சொல்வது சாதாரண மழை நாளை. ராத்திரி ஐந்து நிமிஷம் கரண்ட் போய் வரும், காலையில் டொமைன் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருக்கும்.

டிடிஎன்எஸ் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. ஐபி மாறினால் அதுவே ரெக்கார்டைத் திருத்திவிடும். ரெக்கார்டின் டிடிஎல், அதாவது மற்றவர்கள் அதை ஞாபகம் வைத்திருக்கும் நேரம், 300 வினாடி அளவில் இருக்கட்டும். 86400 என்று ஒரு நாள் கணக்கு வைத்திருந்தால், ஐபி மாறிய பிறகும் சில நண்பர்களுக்கு நாள் முழுக்கப் பழைய எண்தான் போகும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகும்.

## அடுத்தவர் அக்கவுண்டில் டொமைன் எடுப்பது

கார்டு இல்லை, வயசு போதவில்லை என்று பிரவுசிங் சென்டர்காரரிடம் காசைக் கொடுத்து எடுக்கச் சொல்கிறார்கள். அவர் தன்னுடைய ஈமெயிலில் எடுத்துக் கொடுப்பார். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும். கும்பகோணத்தில் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது. கடையை மூடிவிட்டு அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் எகிறும், அதையும் அக்கவுண்ட் வைத்திருப்பவர்தான் செய்ய முடியும். அப்பா, அம்மா பெயரில் அக்கவுண்ட் திறந்து அவர்கள் ஈமெயிலைக் கொடுங்கள். முதல் வருஷ விலை பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள்.

## உறுதி செய்யும் மெயிலைத் திறக்காமல் விடுவது

டொமைன் வாங்கியதும் ஈமெயிலை உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு 15 நாள்தான் கெடு. தாண்டினால் டொமைனை முடக்கிவிடுவார்கள். ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள்.

## சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் டொமைனை எழுதுவது

மைன்கிராஃப்ட் சர்வரின் அமைப்புகள் இருக்கும் இந்த ஃபைலில் சர்வர் ஐபி என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அதில் டொமைனையோ பொது ஐபியையோ எழுதினால், வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்று சொல்லி எழுந்திருக்கவே மறுக்கும். காலியாக விடுங்கள்.