காய்கறித் துண்டுகளை மீண்டும் வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நறுக்கி எறியும் காய்கறித் துண்டுகளை மீண்டும் துளிர்க்க வைக்க முயல்பவர்களில் பலர், முதல் துண்டு அழுகிப்போனதுமே தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டி விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கையில் இருப்பது செடியின் எந்தப் பகுதி, அதில் குருத்தோ கணுவோ இருக்கிறதா, அதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்காமல் தொடங்குவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

கேரட்டின் தலைப்பகுதியைத் தட்டில் சிறிது தண்ணீர் விட்டு வைத்தால் ஒரு வாரத்துக்குள் துளிர் எழுகிறது. அதைப் பார்த்ததும், மண்ணில் நட்டால் அடியில் புதிய கேரட் விளையும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நாம் உண்ணும் கேரட் அந்தச் செடியின் ஆணிவேர். வெட்டிய ஆணிவேர் மறுபடி திரண்டு கேரட்டாகாது. பீட்ரூட்டுக்கும் முள்ளங்கிக்கும் இதுவே பொருந்தும். இவற்றிலிருந்து கிடைப்பது இலை மட்டுமே. ஆனால் அந்த இலை சமைப்பதற்கு நல்ல கீரை என்பதால் முயற்சி வீணாவதில்லை. முட்டைகோஸின் அடித்தண்டும் சில சிறிய இலைகளைத் தருமே தவிர, முழுக் கோஸைத் தராது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெங்காயத்தாளைத்தான். அதிலும் வேரை ஒட்ட வெட்டிவிடுவது பரவலான தவறு. வேரோடு சேர்த்து வெள்ளைத் தண்டில் 3 செ.மீ. அளவாவது விட வேண்டும்; புதிய இலை பிறக்கும் இடமும் அதற்கான சேமிப்பும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. வெட்டிய முனையை மறுநாள் உற்றுப் பார்த்தால், வெளி வளையங்கள் அப்படியே நிற்க, நடுவிலுள்ள இளம்பச்சைக் குருத்து மட்டும் சில மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதைக் காணலாம்.

துண்டுகளை அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். தண்ணீர் நிறைய இருந்தால் வேகமாக வளரும் என்று எண்ணித் துண்டை முழுவதும் மூழ்கடித்துவிடுகிறோம். காற்றுப் படாத தண்டு இரண்டு மூன்று நாட்களில் வழவழப்பாகி நாறத் தொடங்குகிறது. வேர்கள் மட்டும் நனையும் அளவுக்குத் தண்ணீர் போதும். தண்டின் மேற்பகுதி வெளியே இருக்க வேண்டும். தண்ணீரை நாள்தோறும், முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மாற்ற வேண்டும். மாற்றும்போது வேர்களையும் பாத்திரத்தின் உட்புறத்தையும் கழுவிவிடுவது அவசியம், ஏனெனில் பழைய வழவழப்புப் படலம் ஒட்டியிருந்தால் புதிய தண்ணீரும் விரைவில் கெட்டுவிடும். வெளித்தோல் மட்டும் அழுகியிருந்தால், அதை உரித்துக் கழுவி மறுபடி வைத்துப் பார்க்கலாம்.

எல்லாத் துண்டுகளையும் தண்ணீரில் போடுவதும் தவறு. இஞ்சிக்கு ஏற்ற இடம் மண். முளைக்கண் தெரியும் பருத்த துண்டாகத் தேர்ந்தெடுத்து, வெட்டிய பக்கம் ஓரிரு நாள் நிழலில் உலர்ந்த பிறகு, கண் மேல்நோக்கி இருக்குமாறு 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். முளை வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். கிழங்கு முற்ற 8 முதல் 10 மாதம் வரை பிடிக்கும். கடையில் வாங்கும் கிழங்குகள் சில முளைக்காதவாறு பதப்படுத்தப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், ஏற்கெனவே முளை எட்டிப்பார்க்கும் துண்டை எடுத்துக்கொள்வது நல்லது.

உருளைக்கிழங்கில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. மற்ற துண்டுகளின் இலையை உண்டு பழகியவர்கள் இதன் இலையையும் முளையையும் கீரை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றிலும் பச்சை நிறம் ஏறிய கிழங்கிலும் சோலனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. சமைத்தாலும் அது முழுமையாக நீங்காது. சமையலுக்கு வாங்கிய கிழங்கு நோயைச் சுமந்து வரவும் வாய்ப்பிருப்பதால், தக்காளி வளரும் மண்ணில் நடாமல் தனித் தொட்டியில் நடுவதே நல்லது.

புதினாவைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டால் எளிதில் வேர்விடும்.

தண்ணீரிலேயே நெடுநாள் வைத்திருப்பது இன்னொரு தவறு. வெறும் தண்ணீரில் உரச்சத்து இல்லை. துண்டு தன் சேமிப்பைச் செலவழித்தே வளர்கிறது. இரண்டு மூன்று முறை அறுத்த வெங்காயத்தாள் நூலாக மெலிவது இதனால்தான். அந்த நிலைக்கு முன்பே, அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் வளர்ந்த வேர்கள் மென்மையானவை என்பதால், முதல் வாரம் மண் ஈரம் காயாமலும் கடும் வெயில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வெளி இலைகள் தளர்ந்தாலும் நடுக்குருத்து நிமிர்ந்திருந்தால், வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். அப்போதுதான் மண்ணைப் பற்றத் தொடங்கிய வேர்கள் அந்த ஓர் இழுப்பில் அறுந்துவிடும்.