டிஸ்லெக்சியா பிள்ளைக்கு டவுன் பஸ் போர்டை வைத்துப் படிப்பு

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கத் தடுமாறும் சிக்கல், என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? முதலில் "பத்து தடவை எழுதுடா" என்பதை நிறுத்துங்கள். நானும் ஒரு வருஷம் அதைத்தான் செய்தேன், நோட்டுதான் தீர்ந்தது. பார்வையிலோ அறிவிலோ குறை இல்லை. எழுத்தைப் பார்த்ததும் ஒலியை எடுத்துத் தரவேண்டிய இடதுபக்க மூளைப் பகுதிகள் சரியாகச் சூடு பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

அது மாறும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, தினம் 4 மணி நேரம், வாரம் 5 நாள், 8 வாரம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளிலேயே மாற்றம் தெரிந்தது, வாசிப்பும் கூடியிருந்தது. 2018இல் வெளியான ஆய்வு. நம்மால் 4 மணி நேரம் முடியாது, சரி, தினம் 20 நிமிடமாவது விடாமல் உட்காருங்கள்.

பிள்ளை தினம் பார்க்கும் டவுன் பஸ் போர்டில் உள்ள ஊர்ப்பெயர்களையே பாடமாக்குங்கள்; எங்களுக்கு வேலூர் பக்கத்துப் பெயர்கள். பேப்பர் இல்லாமல் ஆரம்பிக்கவும். "பாகாயம்" என்று சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள்: பா, கா, யம். "பா"வை எடுத்துவிட்டால்? "காயம்" என்று சிரிப்பான். இந்த ஒலி விளையாட்டு ஒரு வாரமாவது ஓடட்டும்.

அப்புறம் எழுத்து. தமிழில் நமக்கே உறைக்காத ஒரு சிக்கல் இருக்கிறது: "காட்பாடி"யில் ட இரண்டு தடவை வருகிறது, இரண்டுக்கும் ஒலி வேறு. "காட்பாடி"யின் பா வேறு, "பாகாயம்" என்னும்போது வாயில் ஆங்கில b போல வரும் பா வேறு. நாம் பழக்கத்தில் தாண்டிவிடுகிறோம், அவனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். "வேலூர்" இன்னும் மோசம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்வது வ. கொம்பை விரலால் மறைத்து "வ" சொல்லவைத்து, விரலை எடுத்து "வே" சொல்லவையுங்கள். கொம்பை மட்டும் சிவப்பில் எழுதினால் இன்னும் சுலபம். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் இறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. என் பையன் பஸ் நம்பரைப் பார்த்தே "காட்பாடி" என்று சொல்லி என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தான், நானும் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அதனால் ஊர்ப்பெயரை வீட்டில் வெறும் சீட்டில் எழுதிக் காட்டுங்கள்.